பொன்மணியும் தவ்வையும்

பொன்மணிக்குத் தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே, அடுப்பில் பால் பொங்கி வழிய, சுவரில் சாய்ந்து குறட்டை விட்டாள். அன்றைக்கு மாமியார் ஜானகியம்மாள் வைத்த பெயர்தான் மூதேவி.

"ஏட்டி மூதேவி, எந்திரி! வெயிலு உச்சிக்கு வந்துட்டு."

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன் அத்தை" என்று சிரிப்பாள். கோபமே வராது அவளுக்கு.

ஊருக்கு மேற்கே பழைய சிவன் கோயில். அதன் வடக்குச் சுவரோரம், வேம்படியில், முழங்கால் வரை மண்ணில் புதைந்து ஒரு கல் அம்மன். பெருத்த வயிறு. ஒரு பக்கம் மாட்டுத்தலையோடு மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. தவ்வை என்பார் கோயில் பட்டர், லட்சுமிக்கு மூத்தவளாம். ஊருக்கு அதுவும் மூதேவிதான். தேய்ந்த விளக்குமாற்றை எறிய மட்டும் அந்தப் பக்கம் போவார்கள். உளுந்துக் காட்டில் களையெடுத்துத் திரும்பும் பொன்மணிக்கோ அந்த நிழல்தான் தோது. விளக்குமாறுகளை ஒதுக்கிவிட்டு, முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள்.

மாமனார் காலமான பிறகு ஜானகியம்மாளுக்கு உறக்கம் அற்றுப்போனது. ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் கண் மூடவில்லை. ஒருநாள் மத்தியானம் பொன்மணி அவள் கையைப் பிடித்துத் தவ்வையிடம் கூட்டிப்போனாள்.

"இங்கனயா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா?"

"இவியளத் தூக்கத்துக்குச் சாமின்னுதான அத்தை ஊரே ஏசுது? இருக்கதக் குடுக்காமயா போவாவ? சும்மா படுங்க."

முணுமுணுத்தபடியே மருமகள் மடியில் தலைவைத்த கிழவி, பொழுது சாயத்தான் கண் விழித்தாள். சாமியோ, வேப்பங்காற்றோ, தலையைக் கோதிய கையோ தெரியாது. மறுநாள் அவளே முதலில் கிளம்பினாள்.

அந்த வருசம் கோயில் திருப்பணி தொடங்கியது. கமிட்டித் தலைவர் பூவனலிங்கம், மளிகைக்கடைக்காரர், நல்ல மனுசன்தான். ஆனால் கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் மூதேவி படக்கூடாது என்று ஜேசிபியைக் கொண்டுவந்துவிட்டார். வந்து பார்த்தால் சிலையடியில் பொன்மணி நல்ல தூக்கம். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. டிரைவருக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஜானகியம்மாள் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏலே பூவனலிங்கம், வண்டிய அணைக்கச் சொல்லு! புள்ள தூங்குறது தெரியலியா?"

"இல்ல பெரியம்மா, இந்தச் சிலைய..."

"அவிய உன்னை என்னலே செஞ்சாவ? ரெண்டு பிள்ளைகளையும் வச்சிக்கிட்டுச் செவனேன்னு இருக்காவ. எனக்குத் தூக்கம் குடுத்த மகராசி. கைய வச்சிப் பாரு!"

பட்டரும் வந்து, சாமியைத் தூக்கி எறியும் பாவம் நமக்கெதற்கு என்றார். பூவனலிங்கம் தலையைச் சொறிந்தார். வண்டி அணைந்த அமைதியில்தான் பொன்மணி கண் விழித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆருக்கு அத்தை வீடு கட்டுதாவ?" என்று கேட்டாள். டிரைவர்தான் முதலில் சிரித்தான்.

கடைசியில் அதே ஜேசிபிதான் மண்ணைத் தோண்டித் தவ்வையை வெளியே எடுத்து மேடையில் வைத்தது. பூவனலிங்கமே தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். சிலர் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் பிள்ளை உறங்காமல் அழுதால் தாய்மார் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். சனிக்கிழமை தோறும் மாமியாரும் மருமகளும் எண்ணெய் விளக்கேற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு இருவரும் அங்கேயே சற்றுக் கண்ணயர்கிறார்கள்.