விளக்கு போட்டால் இறங்கும் முள்

வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் அவர் வலது காலை மட்டும் லேசாக ஓர் உதறு உதறிவிட்டுத்தான் நடப்பார். தெருவில் இருப்பவர்கள் பல வருஷமாக இதைப் பார்த்திருக்கிறார்கள். கச்சேரி முடிந்து வாத்தியத்தைத் துடைத்து வைப்பதைப்போல இருக்கும். அந்தக் கால் ஆக்சிலேட்டரை மிதிக்காது, தடவும். மற்றவர்கள் ஓட்டினால் தண்ணீராய்க் குடிக்கிற டீசலை, அவர் ஓட்டினால் வண்டி மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடும் என்பார்கள். பஞ்சுக்கால் என்ற பெயர் எப்போது ஒட்டியது என்று யாருக்கும் நினைவில்லை. வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வேன் பழசு. அவரும் தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கியது. பகலில் இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். இரவில் மாப்பிள்ளை பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோவார். இருவருக்கும் ஒரே ஒப்பந்தம்: வண்டியை ஒப்படைக்கும்போது டீசல் முள் பாதியில் நிற்க வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இவர் ஒப்படைப்பார். விடியுமுன் இருட்டோடு மாப்பிள்ளை திருப்பிக் கொண்டுவருவார். அப்போது எஞ்சினையும் விளக்கையும் அணைக்காமல் இருவரும் குனிந்து முள்ளைப் பார்ப்பார்கள். பாதி. சரி.

ஆனால் மாப்பிள்ளைக்குக் கட்டுப்படியாகவில்லை. பாதியில் வாங்கிய முள், பேக்கரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காலுக்கு இறங்கிவிடும். அதை மறுபடி பாதிக்கு ஏற்றுவதற்குள் அன்றைய கூலியில் பெரும்பங்கு டேங்க்குக்குள் போய்விடும்.

"மாப்பிள்ளை, கால்ல என்ன இரும்பா கட்டியிருக்கீங்க?"

"மெதுவாத்தான் மச்சான் ஓட்டறேன்."

"மெதுவா ஓட்டினா அரை டேங்க் எப்படிக் கால் டேங்க் ஆகுது?"

"அதான் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. உங்க கால்தான் டேங்க்குக்குள்ள போயிடுச்சு!"

உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு ஓடும். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பார். தங்கை மட்டும் ஏதாவது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இவருக்கோ எல்லாம் நேர்மாறு. விடியுமுன் பாதி காட்டிய முள், பிள்ளைகளை ஏற்றக் கிளம்பும்போது முக்காலை நெருங்கி நிற்கும். ராத்திரிக் குளிரில் விறைத்துக் கிடந்தது வெயில் பட்டதும் நிமிர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்குச் சாதகமான விஷயத்தை அவர் கிளறவில்லை. மிச்சமாகிற டீசல் எல்லாம் தன் காலின் கைங்கரியம் என்றே நம்பினார்.

மழைக்காலம் தொடங்கியபோது மாப்பிள்ளை வந்து நின்றார்.

"இந்த மாசத்தோட வண்டிய விட்டுடறேன் மச்சான். வாட்ச்மேன் வேலை ஒண்ணு இருக்காம். என் பங்கை யாருக்காவது குடுத்துடுங்க."

"என்ன திடீர்னு?"

"எனக்கு ஓட்ட வரல. அவ்வளவுதான்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்டியரிங் பிடிக்கிற மனிதர், இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது வானம் கறுத்து மழை கொட்டியது. பின்னால் வருகிறவர்களுக்கு வண்டி தெரியட்டும் என்று விளக்கைப் போட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். தற்செயலாகக் கண் முள்ளின் மேல் போனது. முக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது இறங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் அவசரப்படாத பழைய முள் அது. மெல்ல மெல்லப் பாதிக்கு வந்து நின்றது.

நிற்கிற வண்டி இப்படியா குடிக்கும்? மழையில் இறங்கி டேங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒழுகல் எதுவும் இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மழை தணிந்ததும் விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் முள் மேலே ஏறத் தொடங்கியது. மறுபடி விளக்கைப் போட்டார். இறங்கியது. அணைத்தார். ஏறியது.

வாசலைக் காக்கிற அம்மா குடையோடு வந்து ஜன்னலைத் தட்டினார்.

"என்னண்ணே, வண்டி யாரைப் பாத்துக் கண்ணடிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. முள்ளு..."

"ஐயோ, கால்லயா?"

அவர் மறுபடி முள்ளைப் பார்த்தார். விளக்கில்லாமல் மாப்பிள்ளை ஒரு ராத்திரிகூட ஓட்டியதில்லை. விளக்கு எரிய எரியத்தான் பாதிக்கு நிரப்பியிருக்கிறார். நிஜத்தில் அது முக்கால். இத்தனை நாளும் அந்த மனிதர் ஊற்றியதில்தான் பஞ்சுக்கால் ஓடியிருக்கிறது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக ஒயரிங் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் டேங்க்கிலிருந்து முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டுப் பிடித்தார். முள் மெதுவாக ஏறி உச்சிக்குப் போனது.

"முள்ளு நல்லாத்தான் இருக்கு. விளக்கு இல்லாதப்ப சரியாக் காட்டுதுன்னா டேங்க்குக்குள்ள இருக்கற மிதவையும் நல்லாத்தான் இருக்கும்." டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்து குரல் வந்தது. "இந்தா இருக்கு. பின்விளக்குக்கும் மிதவைக்கும் ஒரே எர்த் போல்ட். துரு ஏறி, கரண்ட் வண்டி இரும்புக்குச் சரியா இறங்க மாட்டேங்குது. விளக்கப் போட்டா முள்ளு பொய் சொல்லுது."

"எத்தனை நாளா இருக்கும்?"

"துருவைப் பாத்தா ரெண்டு வருஷம் சொல்லலாம். ராத்திரி ஓட்டறவன் பாவம். யாரு அது, சம்பளத்துக்கு ஓட்டற ஆளா?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

வண்டிக்கு அடியிலிருந்து உப்புத்தாளால் துருவைத் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் நின்றார். "மாப்பிள்ளை, ஒரு போல்ட் துருப்பிடிச்சிருந்தது, சரிபண்ணிட்டேன்" என்பதுவரை வாயில் வந்தது. "நல்லதாப் போச்சு மச்சான்" என்று மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் மனைவியிடம் மட்டும் முழுசாகச் சொன்னார்.

மாசக் கடைசியில் தங்கை வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பங்கைப் பிரிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு மனைவியோடு போனார். மாப்பிள்ளை வாசலுக்கே ஓடிவந்தார்.

"வாட்ச்மேன் வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன் மச்சான்! கொஞ்ச நாளா செருப்பைக் கழட்டிட்டு ஓட்டறேன். உங்கள மாதிரியே மிதிக்காம தடவறேன். முள்ளு அசையவே மாட்டேங்குது. எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்."

"இனிமே எங்க வீட்லயும் ஒரு பஞ்சுக்கால் இருக்குண்ணே" என்று தங்கை சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் சொல்ல வாயெடுத்தார். கொடுத்த டீயைக் குடித்தார்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "ஏன் சொல்லல?"

"இப்பத்தான் சிரிக்கறா. எப்படிச் சொல்றது?"

"அவ சிரிப்புக்காகவா, உங்க பேருக்காகவா?"

அதை அவரும் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் நடந்தார். இரண்டில் எது என்று பிரிக்க வரவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் வண்டியை முக்காலுக்கு நிரப்பித்தான் ஒப்படைக்கிறார். "பாதிதானே மச்சான் பேச்சு" என்று மாப்பிள்ளை சண்டைக்கு வந்தால், "பம்ப்ல ஆள் கூட ஊத்திட்டான், இருக்கட்டும்" என்று சமாளிக்கிறார். டீசலை இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடலாம். "உங்க கால்ல ஒரு நாளும் கோளாறு இருந்ததில்ல, மாப்பிள்ளை" என்ற ஒரு வரி மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.