அணில் என்று எழுதிய இரண்டு மாதம்

சுனாமிக்கு நாலைந்து வருடம் கழித்து, தோவாளைப் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு விலங்குக் கணக்கெடுப்புக்கு ஃபீல்டு அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். அதற்கு முன் பூ லாரியில் கிளீனர். மலை பழக்கம் என்பதுதான் என் ஒரே தகுதி. ஆய்வு செய்தவர் ஜெனிபர் மேடம், குளச்சல் கடற்கரைக்காரர். அவருடைய டாக்டர் பட்டம் இந்தக் கணக்கை நம்பித்தான் இருந்தது.

தினமும் காலையில் ஒரே பாதையில் மெதுவாக நடந்து, கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் டேட்டா ஷீட்டில் எழுத வேண்டும். மேடம் மலையின் மறுபக்கம் நடப்பார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் என் பாதையைப் பார்க்க மேடமும் வந்தார். வெயில் ஏறத் தொடங்கிய நேரம். பாறை இடுக்கிலிருந்து அணிலைவிடச் சற்றுப் பெரிய ஒன்று வெளியே வந்தது. வால் அணில் வால் மாதிரிதான். ஆனால் முதுகில் கோடு இல்லை. தோளில் மட்டும் வெளிறிய ஒரு கீற்று. மூக்கு கூராக நீண்டிருந்தது. சருகைப் புரட்டிப் பூச்சி தின்றது. பிறகு சரிந்த பாறையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே தலைகீழாக வழுக்கி இறங்கியது.

"அண்ணே, இது அணில் இல்ல. மூங்கிலணத்தான்," என்றார் மேடம் மெல்ல. முகமெல்லாம் சிரிப்பு. அணில் குடும்பத்தில் சேராத தனி இனமாம். இதற்கு முன் இங்கே பார்த்ததுண்டா என்று கேட்டார்.

நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் அணில் என்றே எழுதியிருந்தேன். இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து என் ஷீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எது அணில், எது மூங்கிலணத்தான் என்று பிரிக்க வழியில்லை; என் இரண்டு மாத ஷீட்டும் இனி செல்லாது. வேலையும் போனது என்றே நினைத்தேன்.

"இப்பமாவது சொன்னியளே," என்றார் கடைசியில். "தெரியாதத தெரியலன்னு எழுதுங்க. நாளைக்கு முதல்லேருந்து நடப்போம்."

நடந்தோம். மூங்கிலணத்தான் தனியாகத்தான் திரியும், அதுவும் பகலில் மட்டும். மரமேறத் தெரிந்தும் பெரும்பாலும் தரையில்தான் இரை தேடும். பொழுது சாயுமுன் பொந்துக்குள் போய்விடும். ஒவ்வொன்றையும் நானே பார்த்து எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக வேறு வேலை செய்ததில்லை. மேடத்துக்குப் பட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. தீசிஸில் நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயரும் இருந்தது.

இப்போது நான் சீனியர். புதிதாக வருகிறவர்களின் ஷீட்டில், அடையாளம் தெரியாததை எழுதுவதற்கான 'தெரியவில்லை' என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அது ஒரு வாரம் காலியாகவே இருந்தால், மறுநாள் அவர்களோடு நானும் நடப்பேன்.