சாயக்காரர் கேட்ட ஒரு குடம் தண்ணீர்

கைக்குழந்தையோடு இருந்த நான் அன்று கதவைச் சாத்தியது சரியா, தப்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆந்திரம் தனியாகப் பிரிந்த மறுவருடம், நகரியில் எங்கள் நெசவாளர் தெருவுக்குப் பெரியம்மை வந்தது. கடைசி வீட்டில் தனியாக இருந்த கிழவருக்கு அம்மை போட்டதும் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அதன்பின் யாரும் உள்ளே போகவில்லை.

போனவர் ஒருவர்தான், நூலுக்குச் சாயம் போடுகிறவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, முழங்கை வரை நீலம். யாரைப் பார்த்தாலும் "துன்னியா?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். கிழவருக்குக் கஞ்சி ஊற்றினார் என்று தெருக்கிணற்றில் அவரை மறித்தார்கள்.

"எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்து போச்சே, மூஞ்சியப் பாருங்கய்யா."

"உனக்கு வராது. எங்களுக்கு நீ எடுத்துக்கினு வருவியே," என்றார் தெருப் பெரியவர். நகரி எந்த மாநிலத்தில் சேர வேண்டும் என்ற சண்டையில் தினமும் "நம்ம ஜனம், நம்ம ஜனம்" என முழங்குகிறவர் அவர். அந்த வாயைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது.

சாயக்காரர் எங்கள் பின்வாசலுக்கு வந்தார். "உங்க கெணத்துல ஒரு கொடம் தண்ணி குடும்மா. கெழவன் நாக்கு வறண்டு கெடக்கறான்."

என் இடுப்பில் இன்னும் அம்மை குத்தாத குழந்தை. "வூட்டுக்காரர் வந்தா கேட்டுச் சொல்றேண்ணா," என்று கதவைச் சாத்தினேன். அவர் குடத்தோடு ஏரிக்கு நடந்தார்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். சாயக்காரர் இப்போதும் என்னைக் கண்டால், "பாப்பா துன்னுச்சாம்மா?" என்கிறார். அன்று பெரியவரைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது என்னை நினைத்தே வருகிறது.

பிள்ளை பெற்றவர்களே, குடத்தைப் படியில் வைத்துவிட்டு நான் விலகி நின்றிருந்தால் போதுமா? அம்மை மறுபடி வந்தால் என்ன செய்யட்டும்? எழுதுங்கள்.