கப்பல் ஊதியபோது

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தேன். இன்று பேத்தி சைக்காலஜி பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நான் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொன்னேன். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கொம்பு ஊதியதும் வேலைக்கு ஓட வேண்டும். பிந்தினால் கங்காணி விரட்டிவிடுவான். அங்கிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு வந்த புதிதில், அம்மா எனக்குக் கருவாட்டுச் சோறு ஊட்டும்போது கப்பல் ஊதியது. உருண்டையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, அது ஜஹாஸ், வெறும் கப்பலு! கங்காணி கடலுக்கு அங்கிட்டு நிக்கிறான்!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, கப்பல் போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

நாய்க்கு மணியடித்தால் சோறு வந்தது. எங்களுக்குக் கொம்பு ஊதினால் கையிலிருந்த சோறும் போனது.

"எழுதுனதப் படி, பாப்பா. எங்கம்மாவ அந்த நாயோட சேத்துட்டியான்னு கேக்கணும்."