மலைச்சாலை வந்தால் அணைகிற கம்ப்யூட்டர்

போனில் பேசினால் என் மகளிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "நல்லாருக்கேன் உம்மா." சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். மாப்பிள்ளை எப்படி என்றால் நல்லாருக்கார். வீடியோவில் முகம் காட்டினால் இன்னும் மோசம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவள் மனதில் உள்ளது வெளியே வரவேண்டுமென்றால் அவள் கையில் ஒரு லாரியைக் கொடுக்க வேண்டும்.

நிஜ லாரி இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டுகிற லாரி. தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைக்கு மேலே உள்ள அறையில்தான் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். பை டிசைன் போட வாங்கிய கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது. கல்யாணமாகி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் முன் மகள் அதில் இந்த விளையாட்டைப் போட்டு, எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். அங்கே அவள் ஒரு லாரி, இங்கே நான் ஒரு லாரி. இரண்டும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகப் போகும். ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார்ந்தால் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை ஓட்டுவோம். அவளுக்கு அப்போது காலை நேரம். ஸ்கூட்டி கைப்பிடியைக்கூடத் தொடாத நான் பதினெட்டுச் சக்கர வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு ஐரோப்பாவில் எத்தனை எல்லைகளைத் தாண்டியிருக்கிறேன் தெரியுமா! "லைசென்ஸ் இல்லாத டிரைவர்" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஊருக்குள் ஓட்டும்போது அவள் பேசமாட்டாள். சிக்னல், வளைவு, பார்க்கிங் என்று கவனம் அதிலேயே இருக்கும். ஊரைத் தாண்டி மலைச்சாலை ஏறியதும்தான் மெல்ல ஆரம்பிப்பாள். ஆஸ்பத்திரியில் யாரோ மனம் நோகப் பேசியது, காய்ச்சலில் நாலு நாள் கிடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த மலைச்சாலையில்தான். கண் ரோட்டில் இருந்தால் அவளுக்கு வாய் திறந்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு அந்த விளையாட்டு. இல்லாவிட்டால் லாரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

என்னுடைய கம்ப்யூட்டரில் படம் விட்டு விட்டு ஓடும். "நீ பாக்குற மழ மழையே இல்ல உம்மா" என்று சொல்லி, அங்கிருந்து செம்பூருக்கு லீவில் வந்த ஒருவர் கையில், படத்தைத் தெளிவாக ஓட்டும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்தனுப்பினாள். என் கணவர் வேறு யாரையும் தொடவிடவில்லை. மகள் அனுப்பிய சாமானாயிற்றே. வீடியோ பார்த்துப் பார்த்து அவரே மாட்டினார்.

மாட்டியதோடு விட்டிருந்தால் சரி. நாற்பது வருடமாகப் பை தைக்கிற மனிதர் அவர். ஒரு பையில் அரை அங்குலம் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அது அவருக்குப் பையே இல்லை, திருப்பி எறிந்துவிடுவார். கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வயர்கள் தொங்குவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மிருதுவான ஆட்டுத்தோலை எடுத்து, ஒரு வாரம் சாயங்காலம் எல்லாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வயர்களைச் சுற்றிக் கையாலேயே ஓர் உறை தைத்தார். பழுப்புத் தோல், வெள்ளை நூல், தையல் ஒன்றுபோல் ஒன்று. "கம்ப்யூட்டருக்குச் சட்ட தச்சாச்சு, இனி தொப்பி ஒண்ணுதான் பாக்கி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பாசத்தை வாயால் சொல்லத் தெரியாது அவருக்கு. இப்படி ஏதாவது தைத்துத்தான் சொல்வார்.

முதல் ஞாயிறு. மலைச்சாலையில் நிஜமாகவே மழை பெய்தது. கண்ணாடியில் துளித்துளியாக விழுந்து வழிய, வைப்பர் வழிக்க, இரண்டு பக்கமும் மரங்கள் ஆடின. நான் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டினேன். அப்போது அவள் சொன்னாள்: "உம்மா, ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா..."

டப்பென்று திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. நான் மறுபடி விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்ததும், "அப்புறம் சொல்லுதேன் உம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதே மலை, அதே மழை. "உம்மா, அவரும் நானும்..." டப்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் நாங்கள் ஓட்டும்போது பின்னாலிருந்து மாப்பிள்ளை ஸலாம் சொல்லுவார். அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிறது. மூன்றாவது ஞாயிறும் அப்படியே ஆனபின் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"உம்மா, கேக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லிரு. ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணாத, ப்ளீஸ்."

உடனே போன் போட்டேன். சத்தியமாக நான் அணைக்கவில்லை என்றேன். "அரே, சும்மா சொன்னேன் உம்மா. விடு. நல்லாருக்கேன்." மறுபடியும் அந்த நல்லாருக்கேன். பெற்ற தாயே வாயை அடைக்கிறாள் என்று பிள்ளை நினைத்துவிட்டாளே என்று நான் அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரை ஒரு கை பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் சூடு என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்து ஓட்டினேன். மலை வந்ததும் அணைந்தது. அடுத்து கீழே உள்ள தையல் மெஷின்கள் மேல் சந்தேகம். எங்களுக்கு வார லீவு வெள்ளி. ஞாயிறன்று எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் மேலே பல்பே கண்ணடிக்கும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம், ஆண்களெல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போய், கல்லி என்று நாங்கள் சொல்கிற எங்கள் சந்தே அடங்கிக் கிடந்த நேரத்தில், தனியாக மலை ஏறினேன். அதே இடத்தில் அணைந்தது. ஆக, கரண்ட் மேல் பழியில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. ஊருக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. மழையும் மரமும் சேர்ந்து வந்தால்தான் போகிறது. என் மகள் பேச ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் மாட்டுங்கா போனேன். அங்கே ரிப்பேர் கடை வைத்திருப்பவர் நம் தமிழ்க்காரர். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவுடனே, "இத யார் மேடம் தச்சது? பேஷா இருக்கே!" என்றார். கார்டை முழுமூச்சாக வேலை வாங்கும் ஒரு சோதனையை ஓட்டினார். பத்தே நிமிடத்தில் டப். டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்தக் கார்டுல கரண்ட் போற இடம் ரெண்டு இருக்கு பாருங்கோ. ரெண்டுக்கும் தனித்தனி கேபிள் குடுக்கணும். ஒரே கேபிளோட முனையில ரெண்டு தலை இருக்குன்னு, ரெண்டையும் அதுலேர்ந்தே மாட்டியிருக்கா. ஊருக்குள்ள ஓட்டறப்போ தாங்கிடும். மழை, மரம்னு வந்தா கார்டு நிறைய கரண்ட் கேக்கும், ஒரு கேபிள் தாங்காது. பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடறது. இன்னொரு கேபிள் எங்கே?"

தோல் உறையை விரலால் அமுக்கிப் பார்த்தேன். நடுவில் ஏதோ மடித்து வைத்தது போல் தடித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கேபிளிலேயே வேலை முடிந்ததும் மிச்சமிருந்த கேபிள் அவர் கண்ணுக்குப் பிசிறாகிவிட்டது. அழகாக மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்.

கடைக்காரர் கத்தரியை எடுத்தார். "கட் பண்ணிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் என் கணவர் எதிரில் இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனாலும் ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்து அவர் போட்ட தையலை வேறொருவர் கத்தரியால் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. எதை எங்கே மாட்டவேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் அவரிடம் கேபிள் விஷயத்தைச் சொன்னேன். அதோடு, அதுவரை மறைத்து வைத்திருந்த மகளின் வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். கீழே போய்த் தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து வந்தார்.

"ஏளா, லைட்டப் புடி."

ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

"அழகா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

"தெரியும்ங்க."

"புள்ள என்ன நெனச்சிருப்பா?"

"என்னையத்தான் நெனச்சிருப்பா. ஒங்கள இல்ல, கவலப்படாதிய" என்றேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்த கேபிளைத் தாளில் வரைந்திருந்தபடி மாட்டினார்.

ஞாயிறு வந்தது. மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாளா இல்லையா தெரியவில்லை. "வாப்பாவும் பக்கத்துல இருக்காக. நீ பேசுறது அவுகளுக்கும் கேக்கும்" என்பதையும் சொல்லிவிட்டேன். "சரி, ஓட்டு உம்மா" என்றாள்.

மலை ஏறினோம். மழை பிடித்தது. முதல் வளைவில் கேட்டாள்:

"உம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

இரண்டாவது வளைவிலும் அதையே கேட்டாள். மூன்றாவது வளைவிலும் கேட்டாள். என் கணவர் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உம்மா, அவரு வீட்ட விட்டுப் போயி அஞ்சு மாசமாச்சு. இனிமே வரமாட்டாராம். நான் தனியாத்தான் இருக்கேன். எனக்கு இங்க முடியல. வீட்டுக்கு வந்துரட்டுமா? ஆனா, கல்லில எல்லாரும் ஒங்களக் கேப்பாங்கல்லா?"

என் கணவர் என் தோளுக்கு மேல் குனிந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். ஒருநாளும் அதில் பேசியதில்லை. பக்கத்தில் பேசினால் போதும் என்று தெரியாமல் உரக்கக் கத்தினார்.

"கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ டிக்கெட் எடு. நான் ஏர்போர்ட்டுக்கு வாறேன்."

முன்னால் அவள் லாரி நடுச்சாலையிலேயே நின்றது. நானும் பின்னால் நிறுத்தினேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் அவள் அழுது முடிக்கும் வரை முழுவதும் கேட்டோம்.