வெர்னா கேட்காத கேள்வி

வெர்னா ஸ்டிடமைப் பற்றி ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், முப்பத்தெட்டு வயதில் படித்துத் தேறி, எங்கள் தீயணைப்பு நிலைய ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தார். நான் அந்த வண்டியின் ஓட்டுநர். பதினோரு வருடம் அவர் வாயில் விழுந்து எழுந்தவன்.

பெற்ற குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் முப்பது நாளுக்குள் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவிடலாம், பேர் ஊர் கேட்கக் கூடாது, வழக்கு கிடையாது என்பது அமெரிக்காவில் எங்கள் கென்டக்கி மாநிலச் சட்டம். அதற்கான பலகை வந்தபோது, எதிரே இருக்கும் தேவாலயத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நிலையத் தலைவர் ஹோபர்ட் அதைக் கொல்லைப்பக்கம் மாட்டச் சொன்னார்.

"கொல்லைப்பக்கம் வைக்க அது என்ன குப்பைத்தொட்டியா?" என்று கேட்டுவிட்டு, வெர்னா தானே ஏணி போட்டு முன்சுவரில் அறைந்தார்.

மளிகைக்கடையில் ஒரு பெண்மணி விடவில்லை. "இப்படி வழி காட்டினா பொண்ணுங்க கெட்டுப்போகாம என்ன செய்வாங்க?"

"ஆமாம்மா, ஒன்பது மாசம் சுமந்து பெத்தப்புறம், பலகையைப் பாத்துத்தான் கெட்டுப்போறாளுங்க," என்றார் வெர்னா.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு மதியம். அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். கூடையில் துண்டுகளுக்கு நடுவே ஒரு ஆண் குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இவனுக்கு முப்பத்தி..."

"நான் கேட்டேனா?" வெர்னா போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல மேடம், எனக்குப் பொய் சொல்ல வராது."

"பொய் சொல்லச் சொல்லல கண்ணு. வாயை மூடிக்கோங்கறேன்."

குழந்தையைத் தூக்கிப் பரிசோதித்தார். தொடையில் மடிப்பு விழுந்து கொழுகொழுவென்று இருந்தான். நகம்கூட ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தது. அந்தப் பெண் அவன் உள்ளங்காலில் முத்தமிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "கூடையை எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்? எங்கம்மாவோடது. தேடுவாங்க," என்றாள். வெர்னா துண்டுகளை மடித்து உள்ளே வைத்துக் கொடுத்து அனுப்பினார். படிவத்தில், 'பார்வைக்கு முப்பது நாளுக்குள்' என்று எழுதினார். குழந்தையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

வியாழக்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். குழந்தைக்கு ஐந்து வாரம் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களாம். அப்படியானால் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. பெண்ணைத் தேடிப் பிடித்து, குழந்தையைக் கைவிட்ட குற்றத்துக்கு உள்ளே தள்ளலாம்.

"எத்தனை நாள்னு அவ சொன்னாளா?"

"சொல்ல விடல."

"ஆள் எப்படி இருந்தா?"

"களைச்சுப்போய் இருந்தா."

"விளையாடாதீங்க. உங்க லைசென்ஸே போயிடும்."

ஹோபர்ட் மேசைக்கடியில் வெர்னாவின் காலை மிதித்தார். "எதுக்கு மிதிக்கிறீங்க?" என்று வெர்னா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு தன் லைசென்ஸ் அட்டையை எடுத்து, வந்தவர் முன்னால் வீசினார்.

"இந்தாங்க, இப்பவே கொண்டுபோங்க. குழந்தையை அவ முதல் நாளே கொண்டுவந்து குடுத்திருந்தா நன்றி சொல்லி அனுப்பியிருப்பீங்க. நீங்க சொல்ற கணக்கே சரின்னு வச்சுக்குவோம். தன்னால வளக்க முடியுமான்னு பாத்துப் பாத்து, கூட அஞ்சு நாள் பால் குடுத்திருக்கா. அதுக்கா ஜெயில்?"

வந்தவர் அட்டையை ஒதுக்கி வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இருந்தீங்களே. பாத்தா எத்தனை நாள் குழந்தை மாதிரி இருந்துச்சு?"

எனக்கு நாலு பிள்ளைகள். நாலு பேரையும் குளிப்பாட்டியவன் நான். ஐந்து வாரக் குழந்தையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையில் வீடு வீடாகத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். வெர்னா என்னைப் பார்க்கவே இல்லை.

"இருபது நாள்கூட இருக்காது சார்," என்றேன். "எழுதிக்கோங்க. கையெழுத்துப் போடறேன்."