இருபத்தோரு இஞ்ச் மானிட்டர்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தை அறை என்று சொன்னால் சிரிப்பார்கள். திருவொற்றியூரில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். வாசலிலிருந்து உள்ளே போகிற நடையின் கடைசியில் ஒரு மேசை, அதன்மேல் பதினாலு இஞ்ச் மானிட்டர். நடையின் ஒரு பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். தண்ணி லாரி வராத நாளுக்கு அதுதான் எங்கள் சொத்து.

நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் சரக்குப் பத்திரங்கள் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் அண்ணனுக்கும் எனக்கும் கார் ரேஸ் விளையாட.

அண்ணன் டிரெய்லர் டிரைவர். மணலியிலிருந்து துறைமுகத்துக்கு நாற்பதடி கன்டெய்னர் இழுப்பான். எண்ணூர் ரோட்டில் அப்போதெல்லாம் வண்டி ஒன்றன்பின் ஒன்றாக நாள் முழுக்க நிற்கும். வாரம் முழுக்க ஸ்டீயரிங் பிடித்துவிட்டு லீவு நாளிலும் வண்டி ஓட்டி விளையாடுகிறாயே என்று கேட்டால், "இங்கதான்டா ரோடு காலியா கீது" என்பான்.

அவனை நான் ஜெயித்ததே கிடையாது. அந்த வருஷம் திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் வருகிற காரில் எல்லாம் போய் இடித்தான். "இது எங்கேர்ந்துடா வந்துச்சு?" என்று கத்துவான். பிறகு அவனே காரணமும் கண்டுபிடித்தான். "ஸ்கிரீன் சின்னதுடா. ஓரத்துல இன்னா வருதுன்னே தெர்ல."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. பெரிய மானிட்டர்மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். இரண்டு பத்திரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து அடிக்கலாம், எழுத்து கூர்மையாக இருக்கும், சந்தில் வேறு யார் வீட்டிலும் இருக்காது. "அதேதாண்ணா. இருபத்தோரு இஞ்ச்னா எல்லாம் தெரியும்" என்று தூபம் போட்டேன். ஒரு மாதம் விடாமல் போட்டேன்.

ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் இருந்தது அது. வெளிநாட்டில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்டு, கன்டெய்னரில் வந்த சரக்கு. கண்ணாடி வளைவில்லாமல் தட்டையாக இருந்தது. பின்பக்கம் இருந்த கனத்துக்கு ஒரு ஆள் கட்டிப்பிடித்தால்தான் தூக்க முடியும். கடைக்காரர் ரெசல்யூஷனை உச்சத்துக்கு ஏற்றினார். எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்குப் போனது. "இது வேணாம் பாஸ், கண்ணு வலிக்கும், கொறச்சு வெச்சுக்கோங்க" என்றார்.

அண்ணன் நின்ற இடத்திலிருந்தே அந்த எறும்புகளைக் கடகடவென்று படித்தான். கடைக்காரர் அசந்துபோனார். அண்ணனுக்கு ஒரே பெருமை. "லைசென்சுக்குக் கண்ணு டெஸ்ட்டு வெச்சான், போர்டுல கடேசி லைனு வரைக்கும் படிச்சேன்" என்றான்.

"அப்போ ஸ்டார்ட்டை அமுக்கிப் பாருங்க" என்று மவுஸை அவன் கையில் கொடுத்தார் கடைக்காரர்.

ஸ்டார்ட் இடது பக்கம் கீழே மூலையில் இருந்தது. மவுஸ் அம்பு வலது பக்கம் மேலே இருந்தது. அண்ணன் குனிந்தான். முகத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினான். கீழே விழுந்த சட்டைப் பொத்தானைத் தேடுகிறவன்போல ஸ்கிரீன் முழுக்கத் தேடினான். "அம்பு எங்க?" என்றான். கண்ணெதிரே இருந்தது. "புது ஸ்கிரீனு, அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வியாதியின் பெயர் தெரியாது, ஆனால் எறும்பு எழுத்தைப் படிக்கிறவனுக்கு நாலு விரல் தள்ளி இருப்பது தெரியவில்லை என்றால் கோளாறு ஸ்கிரீனில் இல்லை என்று புரிந்தது. நாளைக் காலையில் இவன் நாற்பதடி வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குவான் என்பதும் சேர்த்தே புரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் மானிட்டர் இல்லாமல் வீட்டுக்குப் போவோம் என்பதும்.

"பழகிடும்ணா" என்றேன்.

ஆட்டோவிலிருந்து இறக்கி வீடுவரை அவன்தான் சுமந்துவந்தான். முதல் ஞாயிறே பெரிய ஸ்கிரீன் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. முன்னைவிட மோசமாக இடித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டான். முதல் குடத்துக்கு நேராக உட்கார்ந்தவன் அடுத்த மாதம் மூன்றாம் குடத்துக்குப் போனான். கீபோர்டு ஒயர் எட்டவில்லை. நான் நீட்டு ஒயர் வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே காறித்துப்பத் தோன்றுகிறது. கடைசியில் வாசல்படி ஓரமாக உட்கார்ந்து ஆடினான். அங்கிருந்து பார்த்தால் இருபத்தோரு இஞ்ச்சும் பழைய பதினாலைவிடச் சின்னதாகத்தான் தெரியும்.

நடந்து வரும்போது குடத்தை உதைப்பான். "வூட்டுக்குள்ள கீற குடமே தெர்ல, ரோட்ல இன்னாத்த ஓட்டுற?" என்று அண்ணி கேலி செய்வாள். அவனும் சிரிப்பான். நான் வாயில் கொழுக்கட்டையோடு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பத்திரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகமாக அடிக்கிறேன் என்று ஆபீசில் எனக்கு நல்ல பெயர். சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் வளைவில் திரும்பும்போது ஓரமாக நிறுத்தியிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அவன் டிரெய்லர் நசுக்கிவிட்டது. வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த ஒரு டீதான் அவரைக் காப்பாற்றியது. "சத்தியமா அங்க வண்டியே இல்லடா" என்றான் அண்ணன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன; அண்ணன் அமுக்காமல் காத்துக்கொண்டே இருந்தான். வந்த தாளில் எல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் சின்ன வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது, நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார். போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், "ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா நிறைய மிச்சம் இருந்திருக்கும்" என்றார்.

வண்டி ஓட்டுகிற வேலை போயிற்று. அண்ணி மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போக ஆரம்பித்தாள். அண்ணன் வாசல்படி நாற்காலியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற டிரெய்லர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். கார் ரேஸை அப்புறம் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "டேய்" என்று கூப்பிட்டான். "அந்தக் கடையில அம்பைத் தேடிகினு இருந்தேனே, அப்போ உனுக்கு எதுனா தோணிச்சா?"

திரும்பினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மிச்சமிருந்த பார்வை மொத்தமும் என் முகத்தில் இருந்தது.

"இல்லண்ணா" என்றேன்.

"அதானே. தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்ப" என்றான்.